ஏழு நாளைக்குத் தண்ணி படக்கூடாது

நான் எழுதிப் பழகியவள் இல்லை. படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள். எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் மலருக்கு ஒவ்வொருவரும் தங்கள் வேலையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் பெயர் கொடுத்திருந்தவர்களைப் பார்த்தேன். ஒரு தலைமையாசிரியை, ஒரு மருத்துவமனைத் தாதி, வங்கியில் இருக்கும் ஒருவர். நான் கார் துடைத்தவள். இவர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள் நான். எழுதுவது பேசுவதைவிடச் சுலபம் என்று மகள் சொன்னாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் தோள்பட்டை வலி அதிகமானதால் வேலையை விட்டேன். இப்போது நான் வேலை பார்த்த கடையில் புதுக் கார்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தோல் ஒட்டுகிறார்கள். ஒட்டுகிற பெண்கள் இருவரும் கெட்டிக்காரிகள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அக்கா, அந்த மஞ்சள் விஷயத்தை எழுதி வைங்க” என்பார்கள். அதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன் எங்கள் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் முதலில் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். எங்கள் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். முப்பத்தாறு வயதில் சுங்கை பினாங்கில் ஜமால் நானாவின் கடையில் கார் கழுவச் சேர்ந்தேன். முதல் வருடம் டயரும் கம்பளமும். இரண்டாம் வருடம் துணி துவைப்பது. அதற்குப் பிறகுதான் காரின் உடம்பில் கை வைக்க விட்டார்கள். கற்றுக்கொண்ட காலம் அவ்வளவுதான்.

ஜமால் நானாவுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். ஒல்லியான மனிதர். காலையில் சூலியா தெருவில் ஒரு தே, அதாவது டீ, குடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கடைக்கு வருவார். கையில் கடிகாரம் கிடையாது, மோதிரம் கிடையாது, இடுப்பில் பக்கிள் வைத்த பெல்ட் கிடையாது. நான் சேர்ந்த அன்று என் கையைப் பார்த்தார்.

“வளையல், மோதிரம் எல்லாம் கழட்டி வச்சிருங்க. தாலியை உள்ளுக்குப் போட்டு ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கங்க. காடிக்கு ஒங்க நகையோட மதிப்பு தெரியாது, பட்டா கீறல் விழுந்துரும்.”

எங்கள் ஊரில் காரைக் காடி என்பார்கள். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் காரின் மூக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்காருவார். கூரையில் வரிசையாக எரிகிற குழல் விளக்குகள் போனட்டில் தெரியும். அந்தக் கோடு எங்கேயாவது நெளிகிறதா, மங்குகிறதா என்று பார்ப்பார். சரியாக இருந்தால் எழுந்து அடுத்த காருக்குப் போய்விடுவார். சரியில்லை என்றால், “போயி ஒரு தே குடிச்சிட்டு வாங்க” என்பார். அவ்வளவுதான். எங்கே குறை என்று சொல்லமாட்டார். தே குடித்துவிட்டு வந்து பார்த்தால் நமக்கே தெரியும். கடையில் இதுவே ஒரு கணக்கு ஆகிவிட்டது. பாலிஷ் மெஷின் பிடிக்கிற மணியம் அண்ணன் சாயங்காலம் என்னிடம் கேட்பார்: “செல்வி, இன்னைக்கு எத்தனை தே?”

புதுக் காருக்கு எதற்குப் பாலிஷ் என்று பலர் கேட்பார்கள். புதுக் கார் புதிதாக வருவதில்லை. லாரியில் ஏறி, திறந்த வெளியில் வாரக்கணக்கில் நின்று, மழையில் நனைந்து, கடைசியில் விற்கிற இடத்தில் பத்துக் காரைத் துடைத்த அதே துணியால் துடைக்கப்பட்டு வருகிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல்கள் தெரியும். பெயிண்டில் இரும்புத் தூள் குத்திக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு மருந்து உண்டு. தெளித்தால் இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகும். பிறகு களிமண் மாதிரியான கட்டியால் மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு ஓரங்களில் டேப் ஒட்டி மெஷின் பாலிஷ். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, எண்ணெய் மிச்சமில்லாமல் செய்து, கடைசியாகக் கோட்டிங், பெயிண்ட்டின் மேல் கண்ணாடி மாதிரி இறுகுகிற ஒரு திரவம். இரண்டு கை அகலம் அளவுக்குத்தான் ஒரு தடவைக்குத் தடவ வேண்டும். தடவிய இடத்தில் வானவில் மாதிரி நிறம் ஓடும். அது ஓடி அடங்கும்போது துடைக்க வேண்டும். சீக்கிரம் துடைத்தால் பிடிக்காது. தாமதித்தால் கல் மாதிரி ஆகிவிடும்.

இதில் எனக்கு முதலில் பேர் வாங்கித் தந்தது ஒரு பிளாஸ்டிக் பை. ஒரு கறுப்புக் காரை மணியம் அண்ணனும் இன்னொருவரும் கட்டியால் தேய்த்து முடித்து, சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். நான் கறிபாப் பலகாரம் வாங்கி வந்த மெல்லிய பை கையில் இருந்தது. அதற்குள் விரல்களை விட்டு, சும்மா கூரையைத் தடவினேன். வெறும் கைக்குத் தெரியாத மணல் பைக்குத் தெரிந்தது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு நின்றேன். நானா வந்தார். பையை என்னிடமிருந்து வாங்கித் தன் கையில் மாட்டி அதே இடத்தைத் தடவினார்.

“மணியம், ரெண்டு பேரும் போயி ஒரு தே குடிச்சிட்டு வாங்க.”

அன்றிலிருந்து கடையில் எந்தக் காரையும் பை போட்டுத் தடவிப் பார்க்காமல் பாலிஷுக்கு விட்டதில்லை. தடவுவது என் வேலை ஆனது. அது எனக்கு ஏற்ற வேலை. காரிடம் பேச வேண்டியதில்லை.

ஆட்களிடம் பேசுவதுதான் பிரச்சனை. காரை ஒப்படைக்கும்போது நானாதான் பேசுவார். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடமாவது சொல்வார். கோட்டிங் முழுசாக இறுக ஏழு நாள் ஆகும். அதுவரை சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது. மழை பட்டால் துடைத்துவிட வேண்டும். பறவை எச்சம், மரப்பால், எது விழுந்தாலும் அப்போதே ஈரத் துணியால் எடுத்துவிட வேண்டும். காரை ஓட்டலாம், வெளியில் நிறுத்தலாம், பயப்பட ஒன்றுமில்லை. இதையெல்லாம் நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நானா தொழுகைக்குக் கிளம்பும்போது சொன்னார்: “நிபோங் திபால்ல இருந்து ஆளு வரும், அந்த வெள்ளை காடிக்கு. இன்னைக்கு நீயே குடுத்துருமா. சொல்ல வேண்டியதைச் சொல்லிரு.”

அவர்கள் ஒன்றரை மணிக்கு வந்தார்கள். சேகரன் என்று பெயர். அவர் மனைவி ராணி. முத்து வெள்ளை நிறக் கார். சேகரன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “என்னக்கா செய்யணும் இனிமே?” என்று கேட்டார். இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிடப் பேச்சில் ஒரே ஒரு வரிதான் வந்தது.

“ஏழு நாளைக்குத் தண்ணி படக்கூடாது” என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எட்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை பத்தரைக்கு அந்தக் கார் திரும்பி வந்தது, நாங்களே செய்துகொடுக்கும் முதல் கழுவலுக்கு. போனட்டைப் பார்த்ததும் மணியம் அண்ணன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். போனட்டின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ‘ஓம்’. கெட்டி மஞ்சளில் எழுதி, காய்ந்து, வெடித்துப் போயிருந்தது. மேலே சந்தனம், குங்குமம்.

“இது எப்ப வச்சதுங்க?” என்று நானா கேட்டார்.

“எடுத்துட்டுப் போன அன்னைக்கே, கோயில்ல பூசை போட்டப்ப” என்றார் ராணி. “தண்ணி படக்கூடாதுன்னு அக்கா சொன்னாங்கல்ல. அதான் மஞ்சளை நல்லெண்ணெயில கொழச்சேன். ஒரு சொட்டுத் தண்ணி சேக்கல.”

“தொடைக்கலையா?”

“தொடைச்சா ஈரத் துணியாலதானே தொடைக்கணும். தண்ணி பட்டுருமே.”

சேகரன் சொன்னார்: “நான் ஓட்டக்கூட இல்ல நானா. இந்த வாரம் பூரா தினமும் மழை. போர்ச்ல கவர் போட்டு மூடி வச்சிட்டு ஏழு நாளும் மோட்டார் பைக்லதான் வேலைக்குப் போனேன். நனைஞ்சிக்கிட்டே.”

நான் சொன்ன ஒரே வரியை அவர்கள் அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியிருந்தார்கள். நானா என்னைப் பார்த்தார். மணியம் அண்ணனிடம், “நீயே எடு மணியம். அது ஒங்க சாமி எழுத்து, நான் கை வைக்கல” என்றார். மணியம் அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரத் துணியால் மஞ்சளை ஊறவைத்து எடுத்தார். மேலே இருந்தது வந்துவிட்டது. அடியில் பளிச்சென்று மஞ்சள் நிறத்தில் ஓம் அப்படியே நின்றது. எண்ணெய்தானே என்று அவர் எண்ணெய் நீக்குகிற நுரை மருந்தைத் தெளித்தார். அது கடுமையான சோப்பு மாதிரி.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் எழுத்து சிவப்பானது. லேசான சிவப்பு இல்லை. இரத்தச் சிவப்பு.

ராணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். “சாமி குத்தமா?” என்று கணவரிடம் மெதுவாகக் கேட்டார்.

மணியம் அண்ணன் மெஷினை எடுத்து ஓமின் வால் பகுதியில் மட்டும் ஓட்டிப் பார்த்தார். கோட்டிங் போனது. நிறம் போகவில்லை. எண்ணெயோடு சேர்ந்து உள்ளே இறங்கியிருந்தது. இரண்டாவது தடவை ஓட்டப் போனார். நானா பெயிண்டின் கனம் அளக்கிற கருவியை வைத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

“போதும். இதுக்கு மேல தேய்ச்சா பெயிண்டு போயிரும். போனட்டை மட்டும் புதுசா ஸ்ப்ரே பெயிண்டு அடிக்க அனுப்பலாம். எங்க செலவு.”

“செலவு கெடக்கட்டும் நானா” என்றார் சேகரன். “எனக்கு நாப்பத்தி நாலு வயசு. இதுவரைக்கும் ஓட்டுனது எல்லாம் அடுத்தவன் ஓட்டிட்டு வித்தது. ஒவ்வொண்ணுலயும் எங்கயாச்சும் ஸ்ப்ரே அடிச்சிருக்கும். இது ஒண்ணுதான் கம்பெனி பெயிண்ட்டு.”

நானா அன்றைக்கு யாரையும் தே குடிக்கச் சொல்லவில்லை. அவரே வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை. தப்பு என்னுடையது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்ப்ரேக்குப் போய்விட்டால் அந்தக் கார் சேகரனுக்கு இனி ஒருபோதும் புதுக் கார் இல்லை.

நான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ பார்த்த சிவப்பாக இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. வீட்டில் வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தினால் சோப்புப் போட்டவுடன் இதே சிவப்புத்தான் வரும். மீன் கழுவுகிற அன்று சேலையில் மஞ்சள் பட்டாலும் இதேதான். அந்தச் சிவப்பைப் பார்த்து நான் என்றைக்கும் பயந்ததில்லை. தேய்ப்பதும் இல்லை. அலசி வெயிலில் போட்டுவிடுவேன். மத்தியானத்துக்குள் கறை இருந்த இடம் தெரியாது. மழை நாளில் வீட்டுக்குள் காயப்போட்டால்தான் மஞ்சள் அப்படியே நிற்கும். இந்தக் கார் ஏழு நாளும் கவருக்குள் இருந்தது.

ஆனால் எங்கள் கடையில் முதல் விதியே கார் வெயிலில் நிற்கக்கூடாது என்பதுதான். கோட்டிங் போட்ட காராக இருந்தால், சாவி கொடுக்கும் வரை ஒரு டயர்கூட வாசலைத் தாண்டாது.

மணியம் அண்ணனிடம் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“என்ன செல்வி, காடியைக் கொடியில காயப்போடப் போறியா? கிளிப்பு எத்தனை வேணும் லா?”

அவர் சிரித்ததுதான் எனக்கு உதவியது. கோபம் வந்தது. கோபத்தில் நேராக வாசலுக்குப் போனேன்.

“நானா, வெயில்ல வைக்கலாம்.”

“வெயில்லயா?”

“மஞ்சக் கறை தேய்ச்சாப் போகாது நானா. வெயில்லதான் போகும். துணியில அப்படித்தான் போகும். செவந்தது சோப்பாலதான். புளிப்பு பட்டா திரும்ப மஞ்சளாயிரும். அதுக்கப்புறம் வெயில் தின்னுரும்.”

கடையில் அதுவரை நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நானா என் முகத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். கொடிமலைப் பக்கம் மேகம் இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில் சுட்டது.

“துணி வேற, பெயிண்டு வேற.”

“வேறதான் நானா. ஆனா மஞ்ச ஒரே மஞ்சதான்.”

அவர் சேகரனைக் கேட்டார். சேகரன், “ஸ்ப்ரேயைத் தவிர எதுன்னாலும் செய்ங்க” என்றார்.

நூடுல்ஸ் விற்கிற பக்கத்து மீ கடையில் ஒரு கிண்ணம் வினிகர் வாங்கி வந்தேன். நிறையத் தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஓமின் மேல் ஒற்றினேன். துணி பட்ட இடமெல்லாம் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. ராணி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் காரை வெளியே தள்ளினோம். மணி பன்னிரண்டு ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது.

ஓமின் நடுவில் விரல் அகல டேப் ஒன்றை ஒட்டினேன். வெயில் வேலை செய்கிறதா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும். மனதால் பார்த்தால் எல்லாம் வெளுத்த மாதிரியே தெரியும்.

எங்கள் சந்து குறுகலானது. சூரியன் நகர நகரக் கடைகளின் நிழல் காரின் மேல் ஏறியது. அரை மணிக்கு ஒரு தடவை காரை நான்கடி முன்னால் தள்ள வேண்டியிருந்தது. சேகரன் ஒரு பக்கம், மணியம் அண்ணன் ஒரு பக்கம். நானாவும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் தள்ளினார். மீ கடைக்காரர் தன் நாற்காலிகளை ஒதுக்கி இடம் விட்டார். கார் ரிப்பேரா என்று அவர் மலாயில் கேட்டார். மணியம் அண்ணன், “இல்ல தவுக்கே, துணி காயுது” என்று அந்த முதலாளிக்கு மலாயிலேயே பதில் சொன்னார்.

ஒன்றரை மணிக்கு டேப்பை உரித்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். டேப்புக்கு அடியில் அழுத்தமான மஞ்சள் கட்டம். அதைச் சுற்றி ஓம், பழைய காகிதத்தின் நிறத்துக்கு வெளிறிப் போயிருந்தது.

மணியம் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். “கிளிப்பு நான் வாங்கித் தர்றேன் செல்வி” என்றார்.

இரண்டரை மணிக்கு மேகம் வந்தது. நாலு சொட்டுப் போட்டது. நான் துணியோடு போனட்டின் மேல் குனிந்து நின்றுகொண்டேன். மேகம் கடல் பக்கம் நகர்ந்துவிட்டது. மூன்று மணிக்கு ஓம் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. ஆனால் நான் சந்தேகப்பட்டு ஒட்டிய டேப்பின் கட்டம் மட்டும் நடுவில் மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்காக இன்னும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ராணி மீ கடையிலிருந்து எல்லோருக்கும் தண்ணி வாங்கி வந்து கொடுத்தார்.

நாலரைக்குக் காரை உள்ளே தள்ளினோம். போனட் ஆறியதும் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி முழுதும் தடவினேன். மணியம் அண்ணன் மென்மையான பஞ்சால் ஒரே ஒரு தடவை மெஷின் ஓட்டினார். ஸ்பிரிட்டால் துடைத்தேன். போனட் முழுவதற்கும் கோட்டிங்கை நானே தடவினேன், இரண்டு கை அகலம், இரண்டு கை அகலமாக. வானவில் ஓடி அடங்கும் வரை ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன்.

நானா மூக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். வலது பக்கம் சாய்ந்து பார்த்தார். கனம் அளக்கும் கருவியை ஓமின் வால் இருந்த இடத்தில் வைத்து, மற்ற இடத்தில் வைத்து, இரண்டு எண்களையும் சேகரனிடம் காட்டினார்.

“கம்பெனி பெயிண்ட்டுதான்” என்றார்.

சேகரன் முதல் முறையாகப் போனட்டைத் தொட்டார். உள்ளங்கையை அல்ல, புறங்கையை வைத்தார்.

நானா சாவியை மேசையிலிருந்து எடுத்தார். எடுத்தவர் அவர்களிடம் போகவில்லை. என்னிடம் நீட்டினார். பிறகு சற்றுத் தள்ளிப் போய், காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டார்.

ராணி என்னைக் கேட்டார்: “அக்கா, சாமி குத்தம் ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா. குத்தம் என்னோடது. அன்னைக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லல. வெக்கப்பட்டுக்கிட்டு உள்ள ஓடிட்டேன்.”

பிறகு சொன்னேன். சோப்பு, மழை, பறவை எச்சம், மரப்பால், எதையும் விடவில்லை. ஈரத் துணியால் துடைக்கலாம், துடைக்கத்தான் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். காரை ஓட்டுங்கள், மூடி வைக்காதீர்கள் என்றேன். நானா சொல்கிற பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

“இதுல பாதியை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏழு நாளு மழையில நனைஞ்சிருக்க மாட்டேனேக்கா” என்றார் சேகரன். மணியம் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

“அப்ப பொட்டு எங்கக்கா வைக்கிறது?” என்று ராணி கேட்டார்.

“கண்ணாடியில வைங்க. மஞ்சள், சந்தனம், குங்குமம், எது வேணும்னாலும். கண்ணாடி எதையும் குடிக்காது. பூசை முடிஞ்சதும் தொடைச்சிருங்க. சாமி ஒண்ணும் நெனைக்காது.”

அவர் என் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார். கார் சந்து முனையில் திரும்பும் வரை நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை அரை நாள்தான். இரண்டு கார்கள் கொடுத்தோம். இரண்டையும் நானே கொடுத்தேன்.